வெள்ளிமலைக்கு ஏற்றிவிட்ட பழைய ஆம்ப்ளிபையர்

அன்றைக்குக் கடையில் இருந்தவர்கள் இவர்கள். வெள்ளிமலையிலிருந்து வந்த கோவிந்தன். அவர் மனைவி அலமேலு. கோவிந்தனின் அண்ணன் ஏழுமலை, மலைப்பாதையில் ஜீப் ஓட்டுகிறவர். அப்புறம் நான். முதலாளி பாதிவரை இருந்தார், பிறகு மதியத் தொழுகைக்குப் போய்விட்டார். வேறு யாரும் இல்லை.

இதை முதலில் சொல்லிவிடுகிறேன். நடந்ததை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது.

கள்ளக்குறிச்சியில் ஒரே ஆடியோ கடையில் என் காலம் முழுக்கப் போனது. எட்டாவதில் பெயிலாகி வந்தவன். ரேடியோ, டேப், சிடி, ஹோம் தியேட்டர் எல்லாம் கைப்பட்டது. இப்போது கடைக்குப் போவதில்லை. கண் சரியில்லை, கை நடுங்குகிறது. நீங்கள் இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்றீர்கள். நான் சரி செய்து கொடுத்த மிஷின்கள் நிறைய. அதைக் கேட்டு உங்களுக்கு ஒன்றும் ஆகப் போவதில்லை. பழைய பெரிய கம்பெனி செட் வாங்கலாமா, புதிய சின்ன செட் வாங்கலாமா என்று ஒரு ஆள் உங்கள் முன்னால் வந்து நிற்பார். தினமும் நிற்பார். அப்படி வந்து நின்ற ஒருவருக்கு நான் என்ன செய்தேன் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

இரண்டும் ஏறக்குறைய ஒரே விலைக்கு வரும். அங்கேதான் ஆள் குழம்புவார். அவர் குழம்பி நிற்கிற நேரத்தில், நம் வாயில் என்ன வருகிறதோ அதைத்தான் வாங்கிக்கொண்டு போவார்.

பழையது எப்போதும் நல்லது என்று ஒரு கூட்டம் சொல்லும். புதியதுதான் நல்லது என்று ஒரு கூட்டம் சொல்லும். இரண்டும் பொய். நைனார்பாளையத்தில் ஒருவர் புதிய செட் வாங்கினார். கேரண்டி முடிந்த கொஞ்ச நாளில் போர்டு போனது. அந்த போர்டு கம்பெனியிலேயே இல்லை. புது மாடல் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். பார்க்க நன்றாக இருக்கிற பெட்டி, உள்ளே ஒன்றும் செய்ய முடியாது. அவர் அதை என் மேஜையில் வைத்துவிட்டு, "நீயே வெச்சிக்கப்பா" என்று போய்விட்டார். பழையதாக இருந்திருந்தால் திறந்து, ஒரு பாகத்தை மாற்றி, ஒரு மதியத்தில் பாட வைத்திருப்பேன்.

அதனால் எனக்குப் பழையதின் மேல்தான் பற்று. அதில் தப்பில்லை. பற்று இருக்கிறவன் விற்பனை மேஜையில் நிற்கும்போதுதான் தப்பு வருகிறது.

அந்த ஆம்ப்ளிபையர் பாண்டிச்சேரியிலிருந்து வந்தது. வீட்டைக் காலி செய்துவிட்டு ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரர் விற்றது. ஜப்பான் சரக்கு. முன்பக்கம் வெள்ளி நிறத் தகடு. ஒரு ஆள் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். உள்ளே இருக்கிற டிரான்ஸ்பார்மர் ஒரு தேங்காயை விடப் பெரியது. நான்தான் போய்ப் பார்த்தேன். முதலாளிக்குப் போன் செய்தேன்.

"வேணாம்" என்றார்.

"சரக்கு தங்கம் முதலாளி."

"தங்கமா இருக்கட்டும். கள்ளக்குறிச்சில யாருக்குடா அது?"

நான் வாங்கிவிட்டேன். கடைப் பணம்தான். திறந்து ஒவ்வொரு பாகமாகப் பார்த்து, காய்ந்து போனதை எல்லாம் மாற்றினேன். அது பாடியபோது எனக்குக் கண் கலங்கியது. ஆனால் விற்கவில்லை. கடைக்கு வருகிறவர்கள் தட்டிப் பார்ப்பார்கள், விலை கேட்பார்கள், போய்விடுவார்கள். முதலாளி கடையைப் பூட்டும்போது மட்டும் அதை ஒருமுறை பார்ப்பார். அந்தப் பார்வை எனக்குச் சுட்டுக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் இந்த மூன்று பேரும் வந்தார்கள்.

கோவிந்தனும் அலமேலுவும் குடகில் காப்பித் தோட்டத்தில் வேலைக்குப் போய்விட்டுத் திரும்பியிருந்தார்கள். கையில் காசு இருந்தது. ஏழுமலை வழிகாட்டியாக வந்திருந்தார். வந்ததும் அவர்தான் பேசினார்.

"பாய், நல்ல பாட்டு செட்டு ஒண்ணு காட்டுங்க. தம்பி பொண்டாட்டிக்கு ஆசை. எங்களுக்கு டிவி போதும்னா கேக்க மாட்டேங்குது."

முதலாளி என்னைக் கை காட்டினார். நான் புதியதைக் காட்டினேன். சின்னப் பெட்டி, ஒரு கையில் தூக்கலாம். ஏழுமலைக்குப் பிடித்துவிட்டது. அலமேலு அதைப் பார்க்கவில்லை. மூலையில் இருந்த வெள்ளித் தகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது மாதிரி ஒண்ண தொடைச்சிருக்கேங்க" என்றார்.

"எங்கம்மா?"

"பெங்களூர்ல. கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு வூட்டுல வேலை செஞ்சேன். தினமும் தொடைப்பேன். தொடைக்கலாம், திருப்பக் கூடாதுன்னு அந்தம்மா முத நாளே சொல்லிட்டாங்க. அவங்க பாட்டு போட்டா நான் கூடத்துல தரை தொடைச்சிக்கினே கேப்பேன். பாடறவங்க பாடறதுக்கு முன்னாடி மூச்சு இழுக்கறது கேக்குங்க. அது எனக்குப் புடிக்கும்."

"அதான் வேணுமா?"

"எங்க வூட்டுல ஒண்ணு இருக்கணும். நானே திருப்பணும். அவ்ளோதாங்க."

ஏழுமலை சிரித்தார். "கேட்டீங்களா அண்ணே. மூச்சு வாங்க வந்துகிது."

முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். தொழுகைக்குக் கிளம்பினார். போகும்போது என்னிடம், "ரெண்டையும் போட்டுக் காட்டு. அவங்க கேட்டு சொல்லட்டும்" என்றார்.

போட்டுக் காட்டினேன்.

எங்கள் கடையில் ஒரே ஜோடி ஸ்பீக்கர், நடுவில் ஒரு ஸ்விட்ச். ஒரு பக்கம் போட்டால் புதியது பாடும், மறுபக்கம் போட்டால் பழையது பாடும். அலமேலு ஒரு பழைய பாட்டைக் கேட்டார். ஒரு பெண் குரல். போனில் தேடி எடுத்தேன். முதலில் புதியதில் வைத்தேன். அலமேலு கண்ணை மூடவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாட்டு ஆரம்பிக்கும் முன் தலையை லேசாக நிமிர்த்தினார்.

"மூச்சு கேக்குது. இது போதுங்க" என்றார்.

இங்கே நிறுத்தியிருக்க வேண்டும். அவர் கேட்க வந்தது அது. அது கேட்டுவிட்டது. அவரே சொல்லிவிட்டார். சீட்டு எழுதி, பெட்டியைக் கட்டிக் கொடுத்திருந்தால் இதை எழுத வேண்டியதில்லை.

"பழசையும் ஒருவாட்டி கேட்டுடுங்கம்மா" என்றேன்.

இரண்டு வால்யூம் நாபையும் ஒரே கோட்டில் வைத்தேன். எல்லோரும் பார்க்கத்தான் வைத்தேன். "பாருங்க, ரெண்டும் ஒரே அளவு" என்று சொல்லிக் காட்டினேன். ஏழுமலை குனிந்து பார்த்துத் தலையாட்டினார். ஒரே கோடுதான். ஆனால் எங்கள் வேலையில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், ஒரு மிஷினின் கோடு இன்னொரு மிஷினின் கோடு இல்லை. அந்தப் பழையதில் அதே கோட்டில் சத்தம் ஒரு பிடி ஜாஸ்தி வரும். ஒரே பாட்டை இரண்டு தரம் வைத்தால், கொஞ்சம் சத்தமாகக் கேட்டதுதான் நல்லது என்று காது சொல்லும். யார் காதும் அப்படித்தான். என் காதும் அப்படித்தான். இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் வைத்தேன்.

அலமேலு கேட்டார். பாட்டு முடியும்வரை அசையவில்லை.

"இதுல கிட்ட நின்னு பாடற மாதிரி கீதுங்க" என்றார். பிறகு புதியதைப் பார்த்து, தான் முன்பு சொன்னதற்கு வெட்கப்பட்டவர் போல, "நான் அவசரப்பட்டுட்டேன்" என்றார்.

அவர் அவசரப்படவில்லை. முதலில் கேட்டது சரியாகத்தான் கேட்டது. நான்தான் அவர் காதை அவருக்கே எதிராகத் திருப்பினேன்.

ஏழுமலை விடவில்லை. "பழசுன்னா செத்தவன் சட்டை மாதிரி அண்ணே. புதுசுல ரிமோட்டு கீது. கேரண்டி கீது. பழசுல இன்னா கீது?"

"நான் கீறேன்" என்றேன். "நான்தான் கேரண்டி."

கோவிந்தன் மனைவியைப் பார்த்தார். "உனக்குத்தான வாங்கறோம். நீ சொல்லு."

"பழசே எடுத்துக்கலாம்" என்றார் அலமேலு.

முதலாளி திரும்பி வந்தபோது மிஷினைக் கட்டி வைத்திருந்தேன், மூலை காலியாக இருந்தது. சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகத்தான் செய்தேன் என்று நினைக்கிறேன். வேறு காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து மிஷினை ஏழுமலையின் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு நானே மாட்டப் போனேன். கரியாலூர் தாண்டி மேலே ஏறும்போது ஏழுமலை சொன்னார், "இத்தனாம் பெரிய இரும்பை ஏத்திக்கினு நான் கல்யாண வூட்டுக்குத்தான் போயிகிறேன்." எனக்கும் அப்படித்தான் இருந்தது.

கவர்மெண்ட் கட்டிக் கொடுத்த வீடு. ஒரு அறை, ஒரு சமையலறை. பீரோ பக்கத்தில் ஸ்டூல் போட்டு வைத்தோம். மதியம் மூன்று மணி இருக்கும். நன்றாகப் பாடியது. அலமேலு கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து நாபைத் திருப்பினார். கொஞ்சம் கூட்டினார், கொஞ்சம் குறைத்தார், மறுபடி கூட்டினார். அவர் முகத்தை நான் பார்த்தேன். அதோடு கிளம்பியிருப்பேன். பஸ் போய்விட்டது. கோவிந்தன், "சாப்ட்டு போலாம் அண்ணே, அண்ணன் ஜீப்புல வுட்டுடும்" என்றார். அக்கம்பக்கத்து ஆட்களும் வந்து உட்கார்ந்தார்கள்.

பொழுது சாய்ந்தது. எல்லா வீட்டிலும் விளக்கு போட்டார்கள். எங்கோ மோட்டார் ஓடியது. பாட்டுக்கு அடியில் ஒரு இரைச்சல் கிளம்பியது, வண்டு அடைபட்ட மாதிரி. சத்தம் இறங்கியது. அலமேலு போய் நாபைக் கொஞ்சம் கூட்டினார். "டக்" என்று ஒரு சத்தம். பாட்டு நின்றது. கொஞ்ச நேரத்தில் மறுபடி "டக்". பாடியது. கூட்டினால் நின்றது.

"இன்னாமா செஞ்ச?" என்றார் ஏழுமலை.

"ஒண்ணும் செய்யல மாமா. சத்தம் வரல, கூட்டினேன்."

"வந்த அன்னிக்கே கெடுத்துட்டியா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அந்தச் சத்தத்தைக் கேட்ட உடனே தெரிந்துவிட்டது. கரண்ட் கம்மி. அந்த மாதிரி பெரிய டிரான்ஸ்பார்மர் மிஷினுக்கு வோல்டேஜ் இறங்கினால் மூச்சு முட்டும். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அதுவே ஸ்பீக்கரைத் துண்டித்துக்கொள்ளும். புதிய சின்ன செட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. செல்போன் சார்ஜர் மாதிரி, பாதி கரண்ட் வந்தாலும் அது பாடும். எல்ஈடி பல்பும் அப்படியே. அதனால் வீட்டில் இருக்கிறவர்களுக்கு வோல்டேஜ் இறங்கியது கண்ணுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். கரண்டை அளக்கிற மீட்டர் என் பையில் இருந்தது.

எடுக்கவில்லை.

எடுத்தால் அளவு தெரிந்துவிடும். தெரிந்தால், நல்ல ஸ்டெபிலைசர் போட வேண்டும் என்று சொல்ல வேண்டும். அது இன்னொரு செலவு. விற்கும்போது ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். மேலே கரண்ட் எப்படி என்று கேட்காமலே விற்றேன் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். மிஷினைத் திருப்பித் தருகிறோம் என்று சொன்னாலும் சொல்வார்கள். அது மறுபடி அந்த மூலையில் போய் உட்காரும்.

"கடையில கேட்ட மாதிரி இல்லீங்களே அண்ணே" என்றார் அலமேலு.

"கடையில கேக்கறது வேற, வூட்டுல கேக்கறது வேற. போகப் போக காது பழகிடும்மா" என்றேன்.

"இல்லீங்க. பாட்டுக்கு அடியில என்னமோ ஓடிக்கினு இருக்குது. பொழுது போனா எங்க வூட்டு மிக்ஸியும் இப்படித்தான் இழுத்துக்கினு சுத்தும். அதனால ஒரு வேளை..."

"மிக்ஸிக்கும் இதுக்கும் இன்னாம்மா சம்பந்தம்" என்றேன்.

அவர் வாயை மூடிக்கொண்டார். நான் அதோடும் நிறுத்தவில்லை. ஏழுமலை பக்கம் திரும்பி, "இது பெரிய மிஷின். சும்மா சும்மா திருப்பக் கூடாது. தெரிஞ்சவங்க ஒருத்தர் மட்டும் தொட்டா நல்லது" என்றேன்.

ஏழுமலை எழுந்து நாபைக் கீழே இறக்கி வைத்தார். "கேட்டுக்கினியா. பெங்களூரு காதுக்கு வெள்ளிமலை பாட்டு புடிக்கலயாம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அலமேலு சமையலறைக்குப் போய்விட்டார். எனக்குச் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார். இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்று கேட்டார். சாப்பிட்டேன்.

இரவு ஜீப்பில் இறங்கும்போது ஏழுமலை ஊர்க்கதை சொல்லிக்கொண்டு வந்தார். வழியெல்லாம் சொல்ல நேரம் இருந்தது. சொல்லவில்லை.

தம்பிகளே, இந்த வேலையில் மிஷின் கெட்டுப் போவதில் அவமானம் இல்லை. தப்பாக விற்பதும் நடக்கும். திருத்திக்கொள்ளலாம். வாடிக்கையாளர் சரியாகக் கேட்டதைத் தப்பு என்று சொல்லி அனுப்பக் கூடாது. அவர் மிஷின் மேல் வைத்த நம்பிக்கை போனால் வேறு மிஷின் கொடுக்கலாம். தன் காது மேல் வைத்த நம்பிக்கை போனால் அதற்கு நம் கடையில் சரக்கு இல்லை.

சில மாதம் போயிற்று. மரவள்ளி லோடு இறக்க வந்த கோவிந்தன் கடைக்குள் வந்தார். நல்ல மனுஷன். குறை சொல்ல வரவில்லை.

"அண்ணே, அந்த மிஷினு மூடி வைக்க உறை ஏதாவது கீதா?"

"பாடுதா?" என்று முதலாளி கேட்டார்.

"பகல்ல பாடும் பாய். பகல்ல யாரு வூட்டுல இருக்கறது. பொழுது போனா டக்கு டக்குன்னு நிக்குது. அண்ணன் தூக்கி பரண் மேல வெச்சிட்டாரு. பொங்கலுக்கு அவரு எறக்கி போடுவாரு."

"அந்தம்மா போடறதில்லையா? அதுக்குத்தான வாங்கினீங்க."

"அவ தொடறதில்லை பாய். அவ தொட்டுத்தான் கெட்டுச்சுன்னு வூட்டுல பேச்சு. அண்ணனும் சொல்லிட்டாரே, தெரிஞ்சவங்க மட்டும் தொடணும்னு." என்னைக் காட்டித்தான் அண்ணன் என்றார். "கேட்டா, எனக்கு காது சரியில்லைங்கறா. சும்மா தொடைச்சி மட்டும் வைப்பா."

உறை இல்லை என்று சொல்லி அனுப்பினேன். முதலாளி கல்லாவை மூடினார். அவர் குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அன்றும் உயரவில்லை.

"அன்னிக்கு நாபு ரெண்டும் எப்படி வெச்ச?"

"ஒரே கோட்டுல."

"சத்தம் ஒரே அளவா வந்துச்சா?"

நான் மேஜையில் கிடந்த ஸ்க்ரூட்ரைவரை எடுத்து டப்பாவில் போட்டேன்.

"மேல கரண்ட் எவ்வளவு வருது?"

"மீட்டர் பையில இருந்துச்சு முதலாளி."

"நான் அத கேக்கல."

புதிய செட் ஒன்றை எடுத்து என் மேஜை மேல் வைத்தார். பிறகு, "புதுசை எடுத்துக்கினு போ. பழசை எடுத்துக்கினு வா. பகல் வெளிச்சத்துல அளந்துட்டு வராத. வெளக்கு போட்ட பின்னாடி அள" என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அந்தப் பழைய மிஷின் என்ன ஆனது என்று கேட்பீர்கள். டவுனில் மாடியில் குடியிருக்கிற ஒருவருக்கு முதலாளியே விற்றார். சத்தத்தைக் காதால் சமமாக வைத்துக் காட்டினார். அதற்கு முன் என்னை அனுப்பி அவர் வீட்டுக் கரண்டை மாலையில் அளக்கச் சொன்னார். அங்கே அது இன்றும் பாடுகிறது. தங்கம் என்று நான் சொன்னது பொய்யில்லை. யாருக்கு, எந்த வீட்டுக்கு, எந்தக் கரண்டில் என்று கேட்காமல் சொன்னதுதான் பொய். பழையதா புதியதா என்று யாராவது கேட்டால், முதலில் அவர் வீட்டைக் கேளுங்கள். பிறகு மிஷினைப் பேசுங்கள்.

முதலாளி சொன்ன மறுநாள் புதிய செட்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். அவ்வளவு லேசானது. மதியம் போய்ச் சேர்ந்தேன். ஏழுமலை வீட்டில் இருந்தார், ஜீப் ஒர்க்‌ஷாப்பில் கிடந்ததாம். நானும் கோவிந்தனும் பரணிலிருந்து பழையதை இறக்கினோம். மேலே ஒரு தூசி இல்லை. வெள்ளித் தகடு முகம் பார்க்கிற மாதிரி இருந்தது.

புதியதை மாட்டினேன். பாடியது. "இதை வெச்சிக்கங்க. விலை வித்தியாசம் எதுவும் தர வேணாம்" என்றேன்.

ஏழுமலைக்கு ஆச்சரியம். "கெடுத்ததை எடுத்துக்கினு நல்லதை குடுக்கறீங்க. பெரிய மனசு அண்ணே. இந்தாமா அலமேலு, இதையாவது திருப்பாம வுடு."

அலமேலு சமையலறை வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. "நான் தொடல மாமா" என்றார்.

நாலு மணி பஸ் கீழே ஹாரன் அடித்தது. என் வேலை முடிந்துவிட்டது. கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாயிற்று. எல்லோருக்கும் சந்தோஷம். எனக்குப் பெரிய மனசு என்று பெயர். அந்தப் பஸ்ஸில் ஏறினால் அந்தப் பெயரோடு இறங்கலாம். அலமேலு கெடுத்தவராகவே இருப்பார்.

"பஸ்ஸு போவுது அண்ணே" என்றார் கோவிந்தன்.

"போகட்டும்."

"இன்னும் வேலை கீதா?"

"கீது. பொழுது சாயட்டும்."

உட்கார்ந்திருந்தோம். அலமேலு டீ கொடுத்தார். என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் கூட்டிக் கூட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் பாதியில் நின்றது. நாலு மணிக்கு அளந்து பார்த்தேன், யாருக்கும் காட்டாமல். இருநூற்று ஐந்து வோல்ட். அந்த நேரத்தில் யாருக்குக் காட்டினாலும், கரண்டில் குறை இல்லை என்றுதான் ஆகும்.

விளக்கு போட்டார்கள். மோட்டார் ஓட ஆரம்பித்தது. புதியது இரைச்சல் இல்லாமல் பாடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்திவிட்டு, தரையில் கிடந்த பழையதில் வயரை மாட்டிப் போட்டேன். அதே வண்டுச் சத்தம். நானே நாபைக் கூட்டினேன். "டக்" என்று நின்றது.

"இப்ப நான் திருப்பினேன்" என்றேன்.

ஏழுமலை என்னைப் பார்த்தார். "உங்க கைக்கும் நிக்குதா?"

"யாரு கைக்கும் நிக்கும். மிஷின் கெடல. யாரும் கெடுக்கல. எங்க கடையில கரண்ட் இருநூத்தி முப்பது வரும். இது இருநூறு இருந்தாத்தான் ஒழுங்கா பாடும். புதுசுக்கு நூறு போதும். இத நான் பாக்காம வித்துட்டேன். அன்னிக்கு ராத்திரி எனக்குத் தெரிஞ்சிடுச்சு. தெரிஞ்சும் சொல்லல. அந்தம்மா காது சரியா கேட்டுச்சு. மிக்ஸி விஷயமும் அவங்க சொன்னது சரி. நான்தான் மாத்திப் பேசினேன்."

கோவிந்தன் தலையைக் குனிந்துகொண்டார். எனக்காக அவர் வெட்கப்பட்டார். அதைப் பார்ப்பதற்கு, அடித்திருந்தால் தேவலை.

கடையில் நாபை வைத்த கதையை அன்றும் சொல்லவில்லை. வாய் வரவில்லை. அது இன்றைக்கும் அலமேலுவுக்குத் தெரியாது. முதலில் கேட்டதையே எடுத்திருக்கலாம், தான்தான் ஆசைப்பட்டு மாற்றிவிட்டோம் என்றே நினைத்துக்கொண்டிருப்பார். இதை அச்சில் போட்டால் அவருக்கும் ஒன்று அனுப்பி வையுங்கள்.

"கரண்ட் கம்மின்னு நீங்க சொல்றீங்க" என்றார் ஏழுமலை. "எங்க வூட்டு வெளக்கு பளிச்சுன்னு எரியுது. எப்படி நம்பறது?"

கேட்டது நியாயம். ஒருமுறை மாற்றிப் பேசியவன் நான். பையிலிருந்து மீட்டரை எடுத்தேன். அதன் வயர் முனை இரண்டையும் ஒரு கையால் ப்ளக் ஓட்டையில் பிடித்துக்கொண்டேன். மறு கையால் மீட்டரை வாசல் பக்கம் நீட்டினேன்.

"அம்மா, நீங்க வந்து படிங்க."

அலமேலு ஏழுமலையைப் பார்த்தார். பிறகு கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, மீட்டரை வாங்கிக்கொண்டார். வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தார்.

"இன்னா காட்டுது?" என்றார் ஏழுமலை.

அலமேலு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி படித்தார்.

"நூத்தி அம்பத்தி ஒம்போது."